பழைய பிளாஸ்மா டிவி விற்பனைக்கு! படம் நல்லா இருக்கான்னு எப்படிப் பார்ப்பது?

“50 இன்ச் எச்டி பிளாஸ்மா டிவி. ஒரே கை உபயோகம். நல்ல கண்டிஷன். விலை 9,000 ரூபாய். உடனே அழைக்கவும்.”

பழைய பொருட்கள் விற்கும் செயலிகளைக் கைப்பேசியில் புரட்டுபவர்கள் இப்படி ஒரு விளம்பரத்தை எப்போதாவது பார்த்திருப்பீர்கள். கூடவே நாலு போட்டோ இருக்கும். திரையில் மயிலோ அருவியோ பளபளவென்று தெரியும். புது 50 இன்ச் டிவி விலையை நினைத்துப் பார்த்தால், “சும்மா கிடைக்கிற மாதிரி இருக்கே, வாங்கிடலாமா?” என்று மனசு அடித்துக்கொள்ளும்.

கடையில் பில் போட்டு வாங்கிய டிவியில் குறை இருந்தால் உங்களுக்குப் பின்னால் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கு அழைக்கலாம், தேவைப்பட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். ஆனால் ஒருவர் தன் வீட்டு ஹாலில் இருந்த டிவியைக் கழற்றி உங்களிடம் விற்றால் கதை வேறு. அவர் வியாபாரி இல்லை. பில் இல்லை, வாரண்டி இல்லை. அந்தச் சட்டம் வியாபாரிகளிடம் வாங்கும் பொருளுக்கானது என்பதால், இங்கே அதைப் பிடித்துக்கொண்டு நிற்பது கடினம். பணம் கைமாறுவதற்கு முன்னால் நீங்கள் பார்க்கும் அந்த அரை மணி நேரம்தான் உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு. அந்த அரை மணியில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கணக்கு. பானாசோனிக் நிறுவனம் பிளாஸ்மா உற்பத்தியை 2013 டிசம்பரில் நிறுத்தியது. சாம்சங்கும் எல்ஜியும் 2014-இல் நிறுத்தின. கறுப்பு நிறத்துக்குப் பேர் போன ‘குரோ’ வரிசையைச் செய்த பயோனியர் அதற்கு முன்பே டிவி தொழிலை விட்டுப் போய்விட்டது. ஆக, இன்று உங்களுக்குக் காட்டப்படும் பிளாஸ்மா பெட்டி எதுவாக இருந்தாலும் அதற்குப் பத்து வயதுக்கு மேல் ஆகிவிட்டது. “ரெண்டு வருஷம்தான் சார் ஓட்டினோம்” என்று ஒருவர் சொன்னால், பெட்டியின் பின்பக்க ஸ்டிக்கரில் உற்பத்தி ஆண்டு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் பேசுங்கள்.

அது என்ன பிளாஸ்மா?

இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவில் லட்சக்கணக்கான சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொன்றிலும் நியான், செனான் வாயுக்கள். மின்சாரம் பாய்ந்ததும் அந்த வாயு புற ஊதாக் கதிரை விடும். அறையின் உள்ளே பூசியிருக்கும் பாஸ்பர் அந்தக் கதிர் பட்டு சிவப்பாகவோ பச்சையாகவோ நீலமாகவோ ஒளிரும். நம் வீட்டு டியூப் லைட்டும் கிட்டத்தட்ட இதே வேலையைத்தான் செய்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, ஒவ்வொரு புள்ளியும் தன் வெளிச்சத்தைத் தானே தருகிறது. எல்இடி டிவி என்று நாம் சொல்வதில் பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் இருக்கும் எல்சிடி தகடு அதை மறைத்தும் திறந்தும் படம் காட்டும். கறுப்பு வேண்டும் என்றாலும் பின்னால் இருக்கும் வெளிச்சம் கொஞ்சம் கசியத்தான் செய்யும். பிளாஸ்மாவில் அந்தப் புள்ளியே கிட்டத்தட்ட அணைந்துவிடும். இருட்டுக் காட்சி, பக்கவாட்டில் உட்கார்ந்து பார்ப்பது, வேகமாக ஓடும் பந்து ஆகியவற்றில் பிளாஸ்மா பேர் வாங்கியதற்குக் காரணம் இந்த அமைப்புதான். அதன் பலவீனங்களும் இதிலிருந்தே வருகின்றன. புள்ளி தானே ஒளிர்வதால் தானே தேய்கிறது. எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் தேய்வதில்லை.

எச்டி என்றால் எந்த எச்டி?

விளம்பரத்தில் ‘எச்டி’ என்று போட்டிருப்பதை அப்படியே நம்பி விடாதீர்கள். அந்தக் காலத்து 42 இன்ச் ‘எச்டி’ பிளாஸ்மாக்களில் பலவற்றின் திரை 1024 × 768 புள்ளிகள்தான். 50 இன்ச் என்றால் பெரும்பாலும் 1366 × 768. ‘ஃபுல் எச்டி’ என்பது 1920 × 1080. கணக்குப் போட்டால் முதலாவதில் சுமார் 7.9 லட்சம் புள்ளிகள், இரண்டாவதில் 10.5 லட்சம், மூன்றாவதில் 20.7 லட்சம். இன்னும் பழைய பெட்டி என்றால் 852 × 480 கூட உண்டு. அதை எச்டி என்று சொல்லவே கூடாது. மாடல் எண்ணைக் கேட்டு வாங்கி, கிளம்புவதற்கு முன்பே இணையத்தில் தேடிப் பாருங்கள். ஒரு நிமிட வேலை.

இந்த எண்ணை வைத்து மட்டும் முடிவெடுக்கவும் வேண்டாம். 50 இன்ச் திரையில் ஃபுல் எச்டியின் நுணுக்கம் முழுவதும் கண்ணில் பட வேண்டும் என்றால் சுமார் ஆறரை அடிக்குள் உட்கார வேண்டும். 9 அடிக்கு அப்பால் சோபா போட்டிருந்தால், சாதாரணப் பார்வை உள்ளவருக்கு 768-க்கும் 1080-க்கும் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. ஆகவே உங்கள் ஹாலை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

கிளம்பும் முன்

போட்டோவை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பிளாஸ்மா திரை மிக வேகமாக மின்னி மின்னித்தான் படம் காட்டுகிறது. நம் கண்ணுக்கு அது தெரியாது, ஆனால் கைப்பேசி கேமராவில் கோடு கோடாக விழும். நல்ல பெட்டிகூட வீடியோ காலில் கெட்டதாகத் தெரியலாம். அதைவிட முக்கியம், தழும்பு விழுந்த பெட்டி ஒரு வண்ண மயமான மயில் போட்டோவில் புத்தம் புதியது போலத் தெரியும். நேரில்தான் போக வேண்டும்.

ஒரு பென்டிரைவில் ஆறு படங்கள் போட்டுக்கொள்ளுங்கள். முழுவதும் வெள்ளை, முழுவதும் சாம்பல், முழுவதும் சிவப்பு, பச்சை, நீலம், கறுப்பு. கைப்பேசியில் படம் வரையும் எந்தச் செயலியிலும் இதைச் செய்துவிடலாம். கூடவே உங்கள் வீட்டில் யாராவது ஒருவரின் முகம் நன்றாகத் தெரியும் போட்டோ, இரவுக் காட்சி உள்ள ஒரு படத்தின் பகுதி, கிரிக்கெட் அல்லது கால்பந்து ஆட்டம் ஒன்று. பழைய பெட்டி எல்லாவற்றிலும் பென்டிரைவ் சொருக இடம் இருக்காது, இருந்தாலும் சில பெட்டிகள் போட்டோ மட்டும்தான் காட்டும், வீடியோ ஓடாது. அதனால் ஒரு எச்டிஎம்ஐ கேபிளும் லேப்டாப்பும் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள்.

விற்பவரிடம் ஒன்று சொல்லிவிடுங்கள்: “நாங்க வர்ற வரைக்கும் டிவியை ஆன் பண்ணாதீங்க.” சூடேறிய பிறகு ஒழுங்காக ஓடி, ஆறிய நிலையில் ஆன் ஆக மறுக்கும் பெட்டிகள் உண்டு. முதல் முறையிலேயே ஆன் ஆகிறதா, இல்லை ‘டிக் டிக்’ என்று சத்தம் மட்டும் வந்து அணைகிறதா, சிவப்பு விளக்கு விட்டு விட்டு மின்னுகிறதா என்று பாருங்கள். பிளாஸ்மா பெட்டியில் போவது பெரும்பாலும் திரை அல்ல, உள்ளே இருக்கும் மின்பலகைகள். அவற்றுக்கு உதிரி பாகம் இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். சிவப்பு விளக்கு மின்னினால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடலாம்.

வெள்ளைத் திரையில் தெரியும் பழைய செய்தி

ஒரு வீட்டில் தினமும் எட்டு மணி நேரம் ஒரே செய்திச் சேனல் ஓடுகிறது என்று வையுங்கள். மூலையில் சேனலின் சின்னம், கீழே ஓடும் செய்திப் பட்டை, இரண்டும் நகராமல் அப்படியே இருக்கும். அந்த இடத்துப் புள்ளிகள் மற்றவற்றைவிட அதிகமாகத் தேயும். சில ஆண்டுகளில் சேனலை மாற்றினாலும் பழைய சின்னத்தின் நிழல் திரையிலேயே தங்கிவிடும். மெக்கானிக்குகள் இதை ‘பர்ன்-இன்’ என்பார்கள். இதைச் சரி செய்ய வழியே கிடையாது.

வெள்ளைப் படத்தைத் திரை முழுக்கப் போடுங்கள். நான்கு மூலைகளையும் கீழ்ப் பகுதியையும் மெதுவாகப் பாருங்கள். அடுத்து சாம்பல். வெள்ளையில் தெரியாதது சாம்பலில் தெரியும். பிறகு சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றாக. நீலத்தில் மட்டும் தெரியும் தழும்பும் உண்டு. திரையின் நடுப்பகுதியில் சதுரமாக ஒரு பகுதியும் இரண்டு பக்கமும் வேறு நிறமாகவும் தெரிந்தால், பழைய 4:3 சேனல்களைப் பக்கவாட்டில் கறுப்புப் பட்டையோடு வருடக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இது நம் ஊரில் ரொம்ப சகஜம்.

நிழல் தெரிந்தவுடனே “பர்ன்-இன்” என்று சண்டைக்குப் போய்விட வேண்டாம். பிளாஸ்மாவில் தற்காலிக நிழலும் உண்டு, கொஞ்ச நேரம் ஒரே படம் நின்றால் விழுந்து, தானாகப் போய்விடும். அரை மணி நேரம் ஏதாவது படத்தைத் திரை முழுக்க ஓட விடுங்கள், அதற்குள் ஒரு காபி குடித்துவிடலாம். பிறகு மறுபடி சாம்பல் படத்தைப் போடுங்கள். மங்கியிருந்தால் அது தற்காலிகம்தான். அப்படியே இருந்தால் தழும்பு என்றே வைத்துக்கொள்ளுங்கள். “அது போகப் போகச் சரியாயிடும்” என்ற வார்த்தையைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்.

விளக்கை அணைத்துப் பாருங்கள்

முடிந்தால் மாலையில் போங்கள். கறுப்புப் படத்தைப் போட்டு, அறை விளக்கை அணைக்கச் சொல்லுங்கள். நல்ல பிளாஸ்மாவில் திரை எங்கே முடிகிறது, சட்டம் எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். முழுக் கறுப்பு என்று சொல்ல முடியாது. மிக மெல்லிய ஒரு வெளிச்சம் இருக்கத்தான் செய்யும். ஆனால் திரை முழுவதும் சாம்பல் பூத்தது போல இருந்தால் பெட்டி தளர்ந்துவிட்டது. கறுப்பில் சிவப்பாகவோ பச்சையாகவோ புள்ளிகள் மினுமினுவென்று குதித்தால் உள்ளே மின்னழுத்தத்தில் கோளாறு இருக்கலாம். அந்தப் பெட்டி வேண்டாம்.

இப்போது இரவுக் காட்சியை ஓட்டுங்கள். கறுப்புச் சட்டை போட்டவர் இருட்டில் நிற்கிறார். சட்டையின் மடிப்பு தெரிகிறதா, தலைமுடி தனித்தனியாகத் தெரிகிறதா, இல்லை எல்லாம் ஒரே கறுப்புக் கட்டியாக இருக்கிறதா? படத்தின் தரம் என்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தெரிந்துவிடும். பளிச்சென்று இருக்கும் பகல் காட்சியை எந்த டிவியும் ஓரளவு காட்டிவிடும்.

அடுத்தது முகம். நீங்கள் கொண்டு போன வீட்டுக்காரர் போட்டோவைப் போடுங்கள். அந்த முகத்தின் நிறம் உங்களுக்குத் தெரியும், அருவியின் நிறமும் மயிலின் நிறமும் யாருக்குத் தெரியும்? பார்ப்பதற்கு முன் பட அமைப்பை ‘டைனமிக்’ அல்லது ‘விவிட்’ நிலையிலிருந்து ‘சினிமா’ அல்லது ‘ஸ்டாண்டர்டு’ நிலைக்கு மாற்றுங்கள். முகம் தக்காளி போலச் சிவந்தோ, மஞ்சள் பூசியது போலவோ இருந்தால் கவனம். கன்னத்தில் வெளிச்சத்திலிருந்து நிழலுக்குப் போகும் இடத்தில் படி படியாகக் கோடு விழுகிறதா என்றும் பாருங்கள். ‘ஷார்ப்னெஸ்’ அதிகமாக வைத்திருந்தால் எழுத்துகளைச் சுற்றி வெள்ளை ஓரம் தெரியும், அது படத்தின் தெளிவு அல்ல. அதைக் குறைத்துவிட்டுப் பாருங்கள்.

ஆட்டத்தை ஓட்டும்போது பந்தைப் பாருங்கள். இந்த விஷயத்தில் நல்ல பிளாஸ்மா பல விலை குறைந்த எல்இடிகளை இன்றும் தோற்கடிக்கும். வெள்ளைப் பந்துக்குப் பின்னால் பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒரு வால் இழுபட்டால், பாஸ்பர் அணையத் தாமதமாகிறது என்று பொருள். சிலர் கண்ணுக்கு இது தெரியவே தெரியாது, சிலருக்கு ஒருமுறை தெரிந்துவிட்டால் பிறகு அது மட்டும்தான் தெரியும். அதனால் வீட்டில் டிவி அதிகம் பார்ப்பவரையே கூட்டிக்கொண்டு போவது நல்லது. சத்தத்தையும் ஒருமுறை முழுக்கக் குறைத்துவிட்டுக் காது கொடுங்கள். லேசான ரீங்காரம் பிளாஸ்மாவுக்கு இயல்பு. எட்டடி தள்ளி உட்கார்ந்தும் கேட்டால் தினமும் தொல்லைதான்.

கடைசியாக, எல்லா விளக்கையும் போட்டு, ஜன்னலைத் திறக்கச் சொல்லுங்கள். இருட்டில் அழகாக இருந்த கறுப்பு வெளுத்துப் போகும், கண்ணாடியில் ஜன்னல் தெரியும். பெட்டியில் குறை இருப்பதாக நினைக்க வேண்டாம், பிளாஸ்மாவின் குணமே அது. பகல் முழுக்க வெயில் அடிக்கும் ஹாலில், காலை முதல் இரவு வரை செய்தி ஓடும் வீட்டுக்கு இது பொருந்தாது என்பதே என் கருத்து. இரவில் விளக்கணைத்து சினிமா பார்ப்பவருக்கு, மேலே சொன்ன சோதனைகளில் தேறிய பெட்டி கம்மி விலையில் கிடைத்தால் நல்ல வாங்கல்தான்.

வீட்டுக்கு வந்ததும் படம் மங்கலாக இருக்கிறதே?

அங்கே பார்த்தபோது நன்றாக இருந்தது, இங்கே வந்ததும் கலங்கலாக இருக்கிறது என்றால் டிவியைத் திட்டுவதற்கு முன் செட்டாப் பாக்ஸைப் பாருங்கள். அரசு கேபிளோ, தனியார் கேபிளோ, டிடிஎச்சோ, உங்களிடம் இருப்பது எஸ்டி பாக்ஸ் என்றால் அதில் வருவது 576 வரிகள் மட்டுமே. அதை இழுத்துப் பெரிதாக்கித்தான் 50 இன்ச் திரையில் காட்டுகிறது டிவி. எச்டி பாக்ஸ் வைத்துக்கொண்டு, சிவப்பு-வெள்ளை-மஞ்சள் ஒயரில் இணைத்திருந்தாலும் அதே கதைதான், மஞ்சள் ஒயரில் எச்டி வராது. எச்டிஎம்ஐ ஒயர் போட வேண்டும். எச்டி பாக்ஸ், எச்டிஎம்ஐ ஒயர், எச்டி சேனல் மூன்றும் சேர்ந்தால்தான் நீங்கள் கொடுத்த காசுக்கான படம் வரும்.

கரண்ட் பில்லையும் கணக்கில் சேருங்கள்

பின்பக்க ஸ்டிக்கரில் வாட் அளவு இருக்கும். பிளாஸ்மா காட்டும் படத்துக்குத் தகுந்த மாதிரி மின்சாரம் எடுக்கும். இருட்டுக் காட்சிக்குக் குறைவு, வெள்ளைக் காட்சிக்கு அதிகம். சராசரியாக 300 வாட் எடுக்கும் ஒரு பெட்டி தினமும் 6 மணி நேரம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 1.8 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டு மின் கணக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள்; அந்த 60 நாளில் 108 யூனிட் ஆகிவிடும். வீடுகளுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை இந்த ஒரு டிவியே குடித்துவிடும். 100 வாட் எல்இடி என்றால் அதே நேரத்துக்கு 36 யூனிட்தான். 9,000 ரூபாய் விலை உண்மையில் எவ்வளவு என்பது இந்த 72 யூனிட் வித்தியாசம் எந்தக் கட்டணப் பிரிவில் போய் விழுகிறது என்பதைப் பொறுத்தது. உங்கள் பழைய பில்லை எடுத்து வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைக்காரரிடம் வாங்கினால்

பழைய டிவிகளை வாங்கி விற்பதையே தொழிலாகச் செய்யும் கடை என்றால் நிலைமை உங்களுக்குச் சாதகம். “பழைய பொருளுக்கு ஏதுங்க பில்?” என்பார்கள். விடாதீர்கள். மாடல் எண், சீரியல் எண், தேதி, தொகை, எத்தனை நாள் உத்தரவாதம், திரையில் தழும்பு இல்லை என்ற வரி ஆகியவற்றை எழுதி வாங்குங்கள். பணத்தை யூபிஐ மூலம் கொடுத்தால் அதுவும் ஒரு பதிவு. நீங்கள் வெள்ளை, சாம்பல் படங்களைப் போட்டுப் பார்த்ததையும் கைப்பேசியில் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கேமராவில் கோடுகள் விழுந்தாலும், ஆழமான தழும்பு இருந்ததா இல்லையா என்பது பெரும்பாலும் தெரியும்.

பிறகு தகராறு வந்தால் முதலில் கடைக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பலன் இல்லை என்றால் 1915. அங்கும் தீரவில்லை என்றால் இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தபடியே மாவட்ட ஆணையத்தில் புகார் பதியலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே பதியலாம், கடை இருக்கும் ஊருக்கு அலைய வேண்டாம். 5 லட்சம் ரூபாய் வரை விலை கொடுத்த பொருளுக்குப் புகார் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் பதிய வேண்டும்.

எல்லாம் பார்த்துவிட்டு, “இது நமக்குச் சரிப்படாது, புதுசே வாங்கிடலாம்” என்று முடிவு செய்தாலும் அந்தப் பென்டிரைவைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஷோரூமிலும் அதே முகம், அதே இரவுக் காட்சி, அதே ஆட்டம்தான். அங்கே டிவிகள் கடைக்கென்று இருக்கும் அதிவெளிச்ச நிலையில் ஓடும், அதை மாற்றச் சொல்லிப் பாருங்கள். கூடுதலாக ஒன்று: டிவிகளுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவு உண்டு. பெட்டியில் ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்கும். ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அதைத் தட்டினால் பதிவு உண்மையானதா, எந்த நிறுவனத்துடையது என்று தெரிந்துவிடும்.

பிளாஸ்மாவையே வாங்குவது என்று முடிவாகிவிட்டால், வண்டியில் ஏற்றும்போது படுக்க வைக்காதீர்கள். பெரிய கண்ணாடி, 30 கிலோவைத் தாண்டும் பெட்டிகளும் உண்டு. படுக்க வைத்துக் கொண்டு போனால் ஒரு பள்ளத்தில் விரிசல் விழுந்துவிடும். இரண்டு பேர் பிடித்து, நிற்க வைத்து, இருபுறமும் மெத்தையோ போர்வையோ கொடுத்துக் கட்டிக் கொண்டு வாருங்கள். வீட்டில் மாட்டப் போகும் சுவர் அந்த எடையைத் தாங்குமா என்பதை மட்டும் முன்கூட்டியே கொத்தனாரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.